படத்தில் சரி; பலகையில் பிழை!

பெங்களூரில் மைசூர் ரோடு பக்கம் போய் வருகிறவர்களுக்கு மரவாடிகளின் வாசனை புதிதல்ல. அந்த வட்டாரத்தில், நாற்பது ஆண்டுகளுக்கு முன் சேலம் ஜில்லாவிலிருந்து குடிவந்த ஓர் ஆசாரியின் பட்டறை இருக்கிறது. வீட்டுக் கதவு ஒன்றுக்கு அளவு கொடுப்பதற்காக அண்மையில் அங்கே போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும், வரக்கூடாத நேரத்தில் வந்துவிட்டோமோ என்று தோன்றியது.

பெரிய இயந்திர மேஜையின் மேல் ஒரு தேக்குப் பலகை கிடந்தது. பூஜை அறைக் கதவுக்கானது. நடுவில் கஜலட்சுமி, சுற்றிலும் பூங்கொடி, கீழே 'ஸ்ரீ மகாலட்சுமி துணை' என்ற எழுத்து - இவையெல்லாம் அதில் வந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு மூலையில் பென்சில் அகலத்துக்கு ஒரு வாய்க்கால்தான் ஓடியிருந்தது. 25 மி.மீ. கனமுள்ள பலகையை முழுவதும் பிளந்து, அடியிலிருந்த மேஜைப் பலகையையும் கீறிவிட்டு, வெட்டும் பிட் இரண்டாக ஒடிந்து கிடந்தது. இன்னும் நான்கே நாளில் அந்த வீட்டில் கிருகப்பிரவேசம்.

"படத்துல எல்லாம் சரியாத்தானேப்பா இருந்துச்சு!" என்று மகன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியவர் ஒடிந்த பிட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு நிதானமாக, "படம் சரிதான் சாமி. மரத்தோட மேல்பக்கம் எங்கே இருக்குன்னு மிஷினுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டார்.

மகனிடம் பதில் இல்லை. அவர் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து இயந்திரத்தின் அருகே போனார். தவறு அங்கேதான் இருந்தது.

கம்ப்யூட்டர் செதுக்குவது எப்படி?

சி.என்.சி. ரவுட்டர் என்னும் இந்த இயந்திரம் இப்போது நம் ஆசாரிகள் பலருடைய பட்டறைகளுக்கு வந்துவிட்டது. எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஷீட்டு அப்படியே படுக்கும் அளவுக்கு மேஜை. அதன் மேல் நிமிஷத்துக்கு 18,000 முதல் 24,000 தடவை வரை சுழலும் ஸ்பிண்டில். அதன் நுனியில் பிட். இது இடவலமாகவும், முன்பின்னாகவும், மேல்கீழாகவும் நகரும். எக்ஸ், ஒய், இஸட் என்று இந்த மூன்று திசைகளுக்கும் பெயர்.

இப்படி எண்களைக் கொடுத்து இயந்திரத்தை ஓட்டும் யோசனை இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்த ஜான் பார்சன்ஸ் என்பவர் கிளப்பிவிட்ட யோசனை அது. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952-ம் ஆண்டில் அப்படிப்பட்ட இயந்திரம் ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். அதற்கு அடுத்த ஆண்டில்தான் நம் பெங்களூரில் எச்.எம்.டி. தொடங்கப்பட்டது. அன்று துளையிட்ட காகித நாடாவில் போன கட்டளை இன்று பென் டிரைவில் போகிறது. மற்றபடி அடிப்படை அதேதான்.

வேலை மூன்று படியாக நடக்கிறது. முதலில் டிசைன் சாஃப்ட்வேரில் கோட்டுப் படமோ, மேடு பள்ளம் உள்ள சிற்ப மாடலோ தயாராகிறது. அடுத்து, எந்தப் பிட், எவ்வளவு ஆழம், எந்த வழி என்று தீர்மானிக்கிறார்கள். பிட் நடந்து போக வேண்டிய இந்த வழிக்குத்தான் 'டூல்பாத்' என்று பெயர். கடைசியில் அந்த வழி 'ஜி-கோடு' என்னும் எண் வரிகளாக மாறி இயந்திரத்துக்குப் போகிறது. இரண்டாவது படிக்கும் மூன்றாவது படிக்கும் நடுவில், வெட்டி முடித்தால் பலகை எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டர் திரையில் காட்டுகிறது. அதுதான் 'பிரிவியூ'.

இந்தப் பிரிவியூ நாம் சொன்னதைத்தான் வரைந்து காட்டும். 90 டிகிரி பிட் என்று சொன்னால் 90 டிகிரி பிட்டால் வெட்டிக் காட்டும். ஸ்பிண்டிலில் உண்மையில் எது மாட்டியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்தத் திரைக்கும் பொருந்தும். எங்கெங்கே விசாரிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

மாடல் வேறு, பிரிவியூ வேறு

முதல் குழப்பம் இங்கேதான். திரையில் இரண்டு விதமான படம் தெரியும். ஒன்று, வெட்டுவதற்கு முன் உள்ள மாடல். மற்றது, டூல்பாத்தை ஓட்டிப் பார்த்த பிரிவியூ. மாடலில் லட்சுமியின் கண்ணிமையும் நகக்கண்ணும் துல்லியமாகத் தெரியும். ஆனால் 6 மி.மீ. உருண்டை முனைப் பிட்டுக்கு ஆரம் 3 மி.மீ. அதைவிடக் குறுகிய பள்ளத்துக்குள் அது நுழையவே முடியாது. ஆகவே பலகையில் இமை மழுங்கித்தான் வரும். வாடிக்கையாளருக்கு மாடலைக் காட்டி அட்வான்ஸ் வாங்கிவிட்டு, பிறகு வாய் வார்த்தையில் சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. வெட்டிய பிரிவியூவைக் காட்டினால் அந்த வம்பு இல்லை. நுணுக்கம் வேண்டுமென்றால், பெரிய பிட்டால் முழுப் பலகையையும் முடித்துக்கொண்டு, முகத்துக்கு மட்டும் சின்னப் பிட்டால் தனி டூல்பாத் போட வேண்டும்.

பிரிவியூவே கரடுமுரடாக, படிப்படியாகத் தெரிந்தால்? அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். திரையில் காட்டும் தரம் மட்டும் குறைவாக இருக்கலாம். அப்படியானால் வெட்டு நன்றாகவே வரும். பிரிவியூ தரத்தை உயர்த்திப் பார்த்தும் படி மறையவில்லை என்றால், குறை மாடலிலேயே இருக்கிறது. சிற்ப மாடல் என்பது புள்ளிகளால் ஆன வலை. 900 மி.மீ. உயரப் பலகைக்கு 1,000 புள்ளி என்றால் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.9 மி.மீ. அதில் 60 மி.மீ. அகல முகத்துக்குக் கிடைப்பது சுமார் 66 புள்ளிதான். மூக்கும் உதடும் அதற்குள் எப்படித் துலங்கும்? புள்ளியை இரட்டிப்பாக்கலாம். ஆனால் நீளத்திலும் அகலத்திலும் இரட்டிப்பாவதால் மொத்தம் நான்கு மடங்காகும். பழைய கம்ப்யூட்டர் திணறும். சின்னப் படமாக வேலை செய்துவிட்டுக் கடைசியில் பெரிதாக இழுத்தாலும் இந்தக் கோளாறு வரும். தொடக்கத்திலேயே சரியான அளவில், சரியான தரத்தில் வைப்பதே வழி.

இன்னொரு விஷயம், வரிக்கு வரி உள்ள இடைவெளி. 6 மி.மீ. உருண்டைப் பிட்டை 0.6 மி.மீ. இடைவெளியில் ஓட்டினால் மிஞ்சும் வரிமேடு 0.015 மி.மீ. அளவுதான், உப்புத்தாள் ஒரு தேய்ப்பில் எடுத்துவிடும். அவசரப்பட்டு 2 மி.மீ. வைத்தால் மேடு பதினோரு மடங்கு உயர்ந்து, கையில் நெருடும். அதற்காக நெருக்கிக்கொண்டே போகவும் முடியாது. 600-க்கு 900 மி.மீ. பலகையில் 0.6 இடைவெளி என்றால் ஆயிரம் வரி, 900 மீட்டர் நடை. நிமிஷத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் ஐந்து மணி நேரம். இடைவெளியைப் பாதியாக்கினால் பத்து மணி நேரம். கரண்டுக்கும் வாடகைக்கும் கணக்குப் பார்க்கிற பட்டறையில் இது சின்ன விஷயமல்ல.

மூடாத கோடும் இரட்டைக் கோடும்

"டூல்பாத் போட முடியவில்லை" என்று சாஃப்ட்வேர் மறுத்தாலோ, பள்ளம் பறிக்கச் சொன்ன இடம் அப்படியே நின்றாலோ, முதலில் கோட்டைப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு மூடிய வட்டமாகத் தெரிவது, பெரிதாக்கிப் பார்த்தால் மயிரிழை இடைவெளியோடு திறந்திருக்கும். வேலி மூடாத வயலுக்கு உள் எது, வெளி எது? சாஃப்ட்வேருக்கும் அதே திண்டாட்டம்தான். திறந்த கோடுகளைத் தேடி இணைக்கும் வசதி எல்லா நல்ல சாஃப்ட்வேரிலும் உண்டு. தன்னையே குறுக்கே வெட்டிக்கொள்ளும் கோடும் இதே தொல்லையைத் தரும்.

இரட்டைக் கோடு இன்னும் தந்திரமானது. ஒரே படம் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முறை ஒட்டப்பட்டிருக்கும். பிரிவியூவில் வித்தியாசமே தெரியாது. இயந்திரம் மட்டும் போன வழியே மறுபடி போய், மரத்தைக் கருக்கும். சாஃப்ட்வேர் சொல்லும் வேலை நேரம் வழக்கத்தைவிட இரட்டிப்பாக இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

இன்னொருவரிடமிருந்து வாங்கிய படம் என்றால் அளவையும் பார்க்க வேண்டும். அங்குலத்தில் வரைந்ததை மில்லிமீட்டர் என்று திறந்தால், 24 அங்குலக் கதவு 24 மில்லிமீட்டராகச் சுருங்கி, திரையின் மூலையில் ஒரு புள்ளியாய்க் கிடக்கும். 25.4-ஆல் பெருக்கினால் சரியாகிவிடும்.

கோட்டுக்கு வெளியே வெட்டுவதா, உள்ளே வெட்டுவதா, கோட்டின் மேலேயா என்பது அடுத்தது. 6 மி.மீ. பிட் கோட்டின் மேல் போனால் இரண்டு பக்கமும் மும்மூன்று மி.மீ. தின்றுவிடும். 400 மி.மீ. தட்டு 394 ஆகி, அலமாரிக்குள் ஆடும். பிரிவியூவில் 6 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அளவு கருவியை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பழைய படம் ஏமாற்றும்

இது அநேகமாக எல்லோரும் ஒரு தடவையாவது மாட்டிக்கொள்ளும் இடம். படத்தைத் திருத்திவிடுகிறார்கள், டூல்பாத்தை மறுபடி கணக்கிட மறந்துவிடுகிறார்கள். திரையில் புதிய கோடு, உள்ளே பழைய வழி. அதேபோல, பிரிவியூவில் முன்பு வெட்டிக் காட்டியது அழியாமல் நிற்கும். அதன் மேலேயே புதியதும் ஓடும். எது இப்போது வெட்டியது, எது போன தடவையுடையது என்று புரியாது. பிரிவியூவை முழுவதும் அழித்துவிட்டு, எல்லா டூல்பாத்தையும் மறுபடி கணக்கிட்டு, வெட்டப்போகும் வரிசையிலேயே ஓட்டிப் பார்ப்பதுதான் பத்திரம். அந்த வரிசையைக் கவனித்தால் இன்னொரு தவறும் அகப்படும். வெளி விளிம்பை முதலில் அறுத்துவிட்டால் துண்டு ஆடத் தொடங்கும்; பிறகு உள்ளே துளை போட்டால் கோணலாகும். உள் வேலை முதலில், வெளி அறுப்பு கடைசியில்.

பிரிவியூவுக்குப் பிறகு நடப்பது

ஜி-கோடாக மாற்றும்போது, நம் இயந்திரத்தின் கன்ட்ரோலருக்குப் பொருத்தமான 'போஸ்ட் புராசஸர்' தேர்வு செய்ய வேண்டும். பொருந்தாததைப் போட்டால், வளைவின் மையத்தை இயந்திரம் தவறாகப் படித்து, சின்ன வளைவுக்குப் பதில் பிரமாண்டமான வட்டம் போடக் கிளம்பும். பிரிவியூ இதற்கு முந்திய படியில் போட்டது. ஆகவே இந்தத் தவறு அதில் தெரிய வழியே இல்லை.

கோடைத் திறந்து முதல் சில வரிகளைப் படிப்பது கடினமல்ல. ஜி21 என்றால் மில்லிமீட்டர், ஜி20 என்றால் அங்குலம். இஸட் எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள எண்களில் மிகவும் ஆழமானது எது என்று தேடிப் பார்க்கலாம். பலகையின் மேல்பக்கத்திலிருந்து கணக்கிட்ட வேலையில், 25 மி.மீ. பலகைக்கு மைனஸ் 30 என்று கண்டால் நிறுத்திவிட வேண்டியதுதான்.

நம் ஆசாரி வீட்டுப் பிள்ளை தவறியது இதற்கும் அடுத்த படியில். அந்த ஃபைலில் ஜீரோ என்பது பலகையின் மேல்பக்கம். ஆனால் காலையில் பிளைவுட் அறுத்தபோது, மேஜையின் மேல்பக்கத்தை ஜீரோவாக வைத்திருந்தார்கள். அதை மாற்ற மறந்து பட்டனை அழுத்திவிட்டார். பலகைக்கு மேல் 5 மி.மீ. உயரத்தில் பத்திரமாகப் போகிறோம் என்று இயந்திரம் நினைத்தது, உண்மையில் பலகைக்குள் 20 மி.மீ. ஆழம்! கோட்டிலும் தவறில்லை, படத்திலும் தவறில்லை. தேக்கு போயிற்று. நேர்மாறாக இருந்திருந்தால் பிட் காற்றில் நடந்துவிட்டு வந்திருக்கும், நஷ்டமில்லை.

ஒரு டிகிரி கணக்கு

மறுநாள் புதிய பலகை வந்தது. மூன்று துண்டுகளை ஒட்டி, கிளாம்ப் போட்டு, இரவு முழுவதும் காயவைத்திருந்தார்கள். அதற்கு அடுத்த நாள் மாலை, எப்படி நடக்கிறது பார்ப்போம் என்று மறுபடி போனேன். இந்தத் தடவை மகன் ஜீரோவை மூன்று முறை சரிபார்த்தார். ஜீரோவை 50 மி.மீ. மேலே உயர்த்தி வைத்து, காற்றில் ஒரு நடை ஓட்டினார். பலகையை இறுக்கியிருந்த கிளாம்ப் ஒன்றைப் பிட் உரசப் போவது அதில்தான் தெரிந்தது. கிளாம்பை நகர்த்தினார்கள். சாஃப்ட்வேருக்குக் கிளாம்ப் இருப்பதே தெரியாது அல்லவா?

கஜலட்சுமி நன்றாக வந்தாள். கடைசியாக எழுத்து. அதற்கு 'வி' பிட். ஓடி முடிந்ததும் பார்த்தால் எழுத்தெல்லாம் ஒட்டிய வயிறு போல மெலிந்திருந்தது. பிரிவியூவில் 10 மி.மீ. தடிமனாக இருந்த கோடு, பலகையில் 6 மி.மீ. கூட இல்லை.

மகன் பதறிப்போய்ப் பலகையைக் கழற்றக் கை வைத்தார். "கை வைக்காதே சாமி! பலகை அசையக் கூடாது" என்று தடுத்தார் பெரியவர். பிட்டைக் கழற்றி மூலைமட்டத்தோடு சேர்த்துப் பார்த்தார். 90 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் 60 டிகிரி பிட்!

கணக்கு இதுதான். 90 டிகிரி பிட் 10 மி.மீ. அகலக் கோட்டுக்கு 5 மி.மீ. ஆழம் இறங்கும். சாஃப்ட்வேர் அந்த ஆழத்தைத்தான் எழுதிக்கொடுத்தது. அதே 5 மி.மீ. ஆழத்தில் 60 டிகிரி பிட் தரும் அகலம் 5.77 மி.மீ. நல்ல வேளை, குறைவாகத்தான் வெட்டியிருந்தது. பலகை அசையாததால், சரியான பிட்டை மாட்டி, அதன் நுனிக்கு ஜீரோவை மறுபடி வைத்து, அதே ஃபைலை ஓட்டியதும் எழுத்து திரண்டு வந்துவிட்டது. தவறு மறுபக்கமாக இருந்திருந்தால், அதாவது 60 டிகிரிக்குப் போட்ட கணக்கில் 90 டிகிரி பிட் இறங்கியிருந்தால், 10 மி.மீ. கோடு 17 மி.மீ.க்கு மேல் விரிந்து, எழுத்தோடு எழுத்து ஒட்டிப் போயிருக்கும். அதற்கு மருந்து இல்லை.

எங்கே தேடுவது?

தவறு வந்தால் நம்மில் பலர் சாஃப்ட்வேரைத் திட்டுகிறோம். இல்லாவிட்டால் எல்லா எண்ணையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்க்கிறோம். பெரியவர் சொன்ன வழி எளியது. முதலில் பிரிவியூவையும் பலகையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தவறு பிரிவியூவிலேயே தெரிகிறதா? அப்படியானால் கோடு, மாடல், டூல்பாத் இவற்றில் தேடு. பிரிவியூ சரி, பலகை மட்டும் தவறா? அப்படியானால் பிட், ஜீரோ, பலகையின் கனம், கிளாம்ப், போஸ்ட் புராசஸர் இவற்றில் தேடு. 18 மி.மீ. என்று வாங்கும் பிளைவுட் அளந்தால் குறைவாக இருப்பதும் உண்டு. அளக்காமல் எழுதக் கூடாது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று. தேக்கில் தொடுமுன் அதே ஃபைலை ஒரு கழிவுத் துண்டில் ஓட்டு.

முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு நம் ஊரிலேயே வசதி இருக்கிறது. மல்லேஸ்வரம் 18-வது கிராஸில் உள்ள மத்திய அரசின் மர அறிவியல் தொழில்நுட்ப நிலையத்தில் நவீன மரவேலைப் பயிற்சிக்கென்று தனி மையமே உண்டு. விசாரித்துப் பார்க்கலாம்.

கிருகப்பிரவேசத்துக்கு முதல் நாள் மாலை அந்தக் கதவு நிலையில் ஏறியது. நாசமான பலகையைப் பெரியவர் அடுப்புக்குப் போடவில்லை. இயந்திரத்துக்கு எதிரே சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். அதில் சுண்ணாம்புக் கட்டியால் மகன் நான்கு சொல் எழுதி வைத்திருக்கிறார்: "பிட், ஜீரோ, கனம், கிளாம்ப்."

பட்டனை அழுத்துமுன் அவர் ஒரு தடவை தலையை நிமிர்த்தி அதைப் பார்த்துக்கொள்கிறார்.